நைலான் நீளாது

மார்ச் 4, புதன்

இந்த டைரியை கிரீஸ் கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கிரீஸ் டப்பா படம். ஜனவரியும் பிப்ரவரியும் வெறுமையாகக் கிடக்கின்றன. அது என் தப்பில்லை, அவன் கொடுத்ததே நேற்றுத்தான். எஞ்சினியர் கௌசிகன் சார், "அக்கா, பெல்ட் விஷயத்த எதுலயாவது எழுதி வச்சுக்குங்க, பின்னாடி ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார். அதனால் எழுதுகிறேன். மற்றபடி உட்கார்ந்து எழுதுகிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

விஷயம் இதுதான். எங்கள் காற்றாலைப் பண்ணையில் கோபுரம் ஏறுகிறவர்களுக்கு இரண்டு பெல்ட். ஒன்று உயிர் பெல்ட். தோள், தொடை எல்லாம் சேர்த்துக் கட்டி, ஏணிக் கம்பியில் கொக்கி போட்டுக்கொள்வது. அது மேலிடத்தில் தேர்ந்தெடுத்து, முத்திரை வைத்து வரும். அதில் நாங்கள் வாய் திறக்க முடியாது. இன்னொன்று சாமான் பெல்ட். ஸ்பேனர், பிளேயர், டெஸ்டர், டார்ச், வாக்கி டாக்கி என்று இத்தனையையும் சுமந்துகொண்டு இடுப்பில் நிற்க வேண்டும். பழைய சாமான் பெல்ட்டுகள் நைந்துவிட்டன. புதிதாக எதை வாங்கலாம் என்று இங்கேயே பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டார்கள். ஏறுகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆகவே ஸ்டோர்காரி என் தலையில் கட்டியாயிற்று.

பஸ்ஸில் இன்றும் உட்கார இடம் கிடைக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மாதிரிக்கு மூன்று பெல்ட் வந்தன. ஒன்று தோல்: தடிமனானது, இரட்டைத் தையல், இரும்புப் பக்கிள், நல்ல வாசனை. இரண்டாவது கான்வாஸ்: பிளாஸ்டிக் பக்கிள், எடை இல்லை. மூன்றாவது நைலான் நாடா: ஓட்டையே கிடையாது, பக்கிளுக்குள் நாடாவை இழுத்து எந்த அளவுக்கு வேண்டுமானாலும் இறுக்கிக்கொள்ளலாம், மிச்சம் வால் மாதிரி தொங்கும். பார்க்க லாரியில் தார்ப்பாய் கட்டுகிற பட்டை போலிருக்கிறது.

கான்வாஸை மரியசூசைக்குக் கொடுத்தேன். தோலை ஆவுடையப்பனுக்குக் கொடுத்தேன். நைலான் ஆணியில் தொங்குகிறது.

சூசை சும்மா இருப்பானா. "எக்கா, ஆவுடை அண்ணாச்சிக்குத் தோலு, எனக்கு மட்டும் கித்தானா?" என்று கேட்டான். இந்தப் பண்ணையில் அதிகமாக ஏறுகிறவர் ஆவுடையப்பன். நன்றாக உழைக்கிற இடுப்பில் கட்டிப் பார்த்தால்தானே பெல்ட்டின் லட்சணம் தெரியும்? அதைத்தான் சொன்னேன். அதற்குப் போய் அவன் ஏன் அப்படிச் சிரித்தான் என்று தெரியவில்லை.

எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் எல்லாம் மாட்டிய பிறகு, ஸ்டோர் வாசலில் நின்று என் முன்னால் குதித்துக் காட்ட வேண்டும். ஒன்றும் விழக்கூடாது, பெல்ட் இறங்கக்கூடாது. அப்புறம்தான் கோபுரத்துப் பக்கம் போகலாம். காலையில் மீசை வைத்த ஆண்கள் வரிசையாக நின்று குதிப்பதைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஆவுடையப்பன் குதித்தார். தோல் பெல்ட் அசையவில்லை. "நல்லா அமஞ்சிருக்கு, சொர்ணம்" என்றார்.

இங்கே எல்லோருக்கும் நான் எக்கா. வயதானவர்களுக்குத் தங்கச்சி. அவர் ஒருவர்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அது என்ன பழக்கமோ. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க" என்றால் திரும்பிவிடுவார், அது போதும்.

மார்ச் 12, வியாழன்

கான்வாஸின் பிளாஸ்டிக் பக்கிள் வெயிலில் வெடித்துவிட்டது. கான்வாஸ் தள்ளுபடி. கழித்த பெல்ட்டை யாரும் எடுத்துக் கட்டிவிடக் கூடாது என்பதால் வெட்டிப் போட வேண்டும் என்பது விதி. தகரக் கத்திரியால் மூன்று துண்டாக வெட்டினேன். மூன்று நிமிஷ வேலை. சூசைக்குப் பழைய பெல்ட்டையே திருப்பிக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

மார்ச் 21, சனி

ஆவுடையப்பன் தோல் பெல்ட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இளகிட்டு, சொர்ணம். கடைசி ஓட்டையில போட்டும் இறங்குது."

தோல் என்றால் வியர்வைக்கும் எண்ணெய்க்கும் இளகத்தான் செய்யும். அதுவும் இந்த வெயிலில். விற்கிறவன் இளகாது என்றுதான் சொல்வான். அவனா கோபுரம் ஏறுகிறான்?

சாமான் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடக் கூடாது. போட்டால் அந்த இடத்தில் பலம் குறையும் என்று சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரே ஒரு ஓட்டைதானே என்று போட்டுக் கொடுத்தேன். ஓட்டை போடும் கருவி துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் துடைத்து, கோடு பிடித்து, மற்ற ஓட்டைகளுக்கு நேராக. பார்த்தால் கம்பெனியே போட்ட மாதிரி இருந்தது.

தண்ணீர் பாட்டில் மாட்ட ஒரு கொக்கி கேட்டார். மாட்டினேன். இரண்டாவது பாட்டிலுக்கும் ஒன்று வேண்டும் என்றார். "ஒரு மனுசனுக்கு எத்தன பாட்டிலு?" என்றேன். "மேல போனா நாக்கு வறளுதும்மா" என்றார். அதையும் மாட்டினேன். ஹெட் ஆபீஸுக்கு எழுதும்போது, பெல்ட்டில் இரண்டு பாட்டில் கொக்கி அவசியம் என்று எழுத வேண்டும்.

மார்ச் 30, திங்கள்

மறுபடியும் தோல் இளகிவிட்டதாம். மறுபடியும் ஓட்டை. இந்தக் கம்பெனித் தோலை வாங்குவதற்குப் பதில் ரப்பர் ட்யூபைக் கட்டிக்கொள்ளலாம்.

பெல்ட்டைக் கட்டியதும் வால் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பின்பக்கம் செருகிவிடச் சொன்னார். செருகிவிட்டேன். சூசை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு விசில் அடித்தான்.

ஏப்ரல் 3, வெள்ளி

வீட்டில் மதினி ஒரு ஜாதகம் வைத்திருக்கிறாள். வள்ளியூரில் ரெண்டாந்தாரமாம், அரிசிக்கடையாம். "ஒனக்கும் நாப்பது ஆகப் போவுது, இன்னும் எத்தன நாளைக்கு ஸ்பேனரக் கட்டிக்கிட்டு அழப்போற?" என்றாள். ஸ்டோரில் சரக்குக் கணக்கெடுப்பு இருக்கிறது, அது முடியட்டும் என்றேன். அண்ணன் பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

ரெண்டாந்தாரம் என்பதால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதினி அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

ஏப்ரல் 8, புதன்

தோல் பெல்ட்டை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, நைலானை ஆவுடையப்பனுக்குக் கொடுத்தேன். நன்றாக இழுத்து இறுக்கியதும் வால் முழ நீளத்துக்குத் தொங்கியது. ஏணியில் சிக்கினால் ஆபத்து. அதை அளவாக வெட்டி, மெழுகுவர்த்தியில் முனையைச் சுட்டு, பிரியாமல் அழுத்திவிட்டேன். விரலில் கொப்புளம்.

"ஐயோ, சுட்டுக்கிட்டியா?" என்று கையைப் பிடித்துப் பார்த்தார். அவர் கை எலும்பாக இருந்தது. கொப்புளம் பெரிதில்லை.

அவர் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் மதிவதனி நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற மனிதன் என்னத்தைச் சாப்பிட்டுவிடப் போகிறான். ரசமும் அப்பளமும்தான் என்று சூசை சொல்கிறான்.

ஏப்ரல் 18, சனி

நைலான் வால் மறுபடியும் நீளமாகத் தொங்குகிறது. நான் வெட்டிச் சுட்ட முனை, அதே கருகல், அதற்கு மேலே கைப்பிடி அகலத்துக்குப் புது வால். "இதுவும் இளகுதே" என்று அவர் சொன்னார். பிறகு மர ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்தார். படிக்கட்டில் ஏறி வந்ததில் மூச்சு வாங்குகிறதாம். ஸ்டோருக்கு இரண்டே படி.

பெல்ட்டை ஆராய்ச்சிக்கு என்று திங்கட்கிழமை வரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

லீவு. ஆனாலும் போனேன். கேட்டில் இருந்த கனகராஜ் அண்ணாச்சி, "ஞாயித்துக்கெழமைகூட என்ன தாயீ?" என்றார். அவரும் ஒரு காலத்தில் ஏறினவர்தான். முழங்கால் போன பிறகு கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். கம்பியைத் தூக்குவார், இறக்குவார்.

நைலான் பெல்ட்டை உத்தரத்தில் கட்டி, கீழே கியர் ஆயில் கேனைத் தொங்கவிட்டேன். சாக்பீஸால் கோடு போட்டேன். மத்தியானம் வரைக்கும் கேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டேன். எண்ணெய் தடவித் தொங்கவிட்டேன். கோடு போட்ட இடத்திலேயே இருந்தது.

பிறகு தோல் பெல்ட்டை எடுத்து, அதனுடன் வந்த சீட்டில் போட்டிருந்த நீளத்தோடு வைத்து அளந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

நைலான் நீளாது. தோலும் நீளவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

எல்லோரும் போன பிறகு அவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னேன். "இங்க பாருங்க. பெல்ட்டுல ஒரு கொறையும் இல்ல. நீங்க பாதியா ஆயிட்டீய. ஒரு டாக்டரப் பாத்தா என்ன?"

முதலில் சிரித்தார். "வெயில்ல ஏறி எறங்குத ஒடம்பு, மெலியாம என்ன செய்யும்?" என்றார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காத்து சீசன் முடியட்டும், சொர்ணம். இப்பப் போயி டாக்டருகிட்ட நின்னா ஏறக்கூடாதும்பான். கேட்டுல ஒக்காத்தி வச்சிருவாங்க, கனகராஜ் அண்ணாச்சிய மாதிரி. என்னால முடியாதும்மா. மேல போயி அந்தக் கதவத் தெறந்து காத்து மூஞ்சில அடிச்சாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி." வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "ஒங்கிட்ட மட்டும்தான் சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லிராத."

சரி என்று சொல்லிவிட்டேன்.

தப்பு என்று தெரியும். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது, என்னிடம் மட்டும் என்றாரே என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

உளுந்தங்களி கிண்டிக் கொண்டுபோனேன். உடன்குடிக் கருப்பட்டி, நல்லெண்ணெய், எல்லாம் தாராளமாக. இடுப்பில் சதை பிடிக்க அதைவிட என்ன இருக்கிறது? மதினி, "யாருக்குட்டி இம்புட்டு?" என்றாள். ஸ்டோரில் எல்லோருக்கும் என்றேன்.

அவர் தூக்குவாளியை வழித்துச் சாப்பிட்டார். "அம்மா செத்த பொறவு இப்பத்தான் திங்கேன்" என்றார். பிறகு இரண்டு பாட்டில் தண்ணீரையும் குடித்தார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்றும் களி. கருப்பட்டி கொஞ்சம் கூடுதல். எடுத்து வைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. காலையில் குதித்தபோது பெல்ட் லேசாக இறங்கியது. "சரியாத்தான் இருக்கு" என்றார். பெல்ட்டில் சாமான் வைக்கிற பைகள் ஒன்றோடொன்று முட்டுகிற அளவுக்கு இறுக்கியாகிவிட்டது, இனி இறுக்க இடமில்லை. போங்க என்று சொல்லிவிட்டேன்.

களி வேலை செய்வதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

மே 4, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஏழாம் நம்பர் காற்றாடியில் ஆவுடையப்பனும் சூசையும் ஏறினார்கள். சூசை நடுத்தட்டில் கதவுக்குப் பக்கத்தில் நின்றான். ஆவுடையப்பன் மேலே, ஏணியில். சாமான் பெல்ட் இடுப்பிலிருந்து நழுவி முழங்காலில் போய் நின்றதாம். அடுத்த படியில் காலை வைக்க முடியவில்லை. தலையும் சுற்றியிருக்கிறது. ஒரு காலை உருவியிருக்கிறார். அவ்வளவுதான், பெல்ட் போய்விட்டது.

எங்கள் வழக்கப்படி ஒரு சாமானும் தனியாக விழாது. ஒவ்வொன்றுக்கும் கயிறு போட்டு பெல்ட்டோடு முடிந்திருப்போம். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. பெல்ட்டே விழுந்தால் அத்தனையும் மொத்தமாக விழும் என்று யாரும் யோசித்ததில்லை, நானும்தான். ஸ்பேனர், பிளேயர், இரண்டு தண்ணீர் பாட்டில் எல்லாமாகச் சேர்ந்து சூசையின் தோளை உரசிக்கொண்டு தட்டில் விழுந்து, இரும்பைக் குழித்துவிட்டன. ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றிருந்தால் சூசை இல்லை. அவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு.

ஆவுடையப்பனின் உயிர் பெல்ட் கொக்கியில் இருந்தது. அதனால் இறங்கி வந்தார்.

எல்லோரும் ஸ்டோரில் கூடினார்கள். சூசை சட்டையைக் கழற்றி, கன்றிப்போன தோளில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கௌசிகன் சார் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நைலான் வழுக்குதுங்க அக்கா. கைல புடிச்சாலே தெரியுது. இத வேண்டாம்னு எழுதிருங்க, ஆளுங்க மேல தப்பு வராதுல்ல" என்றார். அவர் நல்ல பிள்ளைதான். யாருக்கும் கெடுதல் வராமல் முடிக்கப் பார்த்தார்.

"ஆமா சார், பெல்ட்டுதான் இளகுது" என்றார் ஆவுடையப்பன். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

பெல்ட் கெட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே என் கையெழுத்து. நாளைக்கே அவர் வேறொரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து குதிப்பார், சொர்ணம் என்பார், களி சாப்பிடுவார். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான். அதை இங்கே எழுதுவதால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

சூசையின் தோளைப் பார்த்தேன். அவர் முகத்தையும் பார்த்தேன். கன்ன எலும்பு தெரிந்தது.

"சார், பெல்ட் இளகல. ஆளு மெலிஞ்சிட்டாங்க" என்றேன்.

ஆணியிலிருந்து தோல் பெல்ட்டை எடுத்து மேஜையில் போட்டேன். "மொதல்ல இதுவும் இளகிட்டுன்னாங்க. அளந்து பாத்துட்டேன், நூல் அளவுகூட நீளல. இந்த ரெண்டு ஓட்டையும் நான் போட்டது."

"நீங்களா? அது ரூல்ஸ்ல இல்லீங்களே அக்கா" என்றார் சார்.

"நான்தான் போட்டேன். நைலான் வாலையும் நான்தான் வெட்டுனேன். பத்து நாள்ல இன்னொரு வால் வந்துட்டு. பெல்ட்டு வளருமா சார்? தண்ணி தண்ணின்னு ரெண்டு பாட்டிலு குடிக்காங்க. ரெண்டு படி ஏறுனா ஒக்காருதாங்க. போன மாசமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மேல அனுப்புனேன்."

ஆவுடையப்பன் எழுந்தார். "சொர்ணம், போதும்" என்றார்.

"போதாது. இவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார். டாக்டரு எழுதிக் குடுக்கிற வரைக்கும் இந்த ஸ்டோர்லருந்து இவங்களுக்குப் பெல்ட்டு கெடையாது."

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மீன் சந்தையில் கத்துகிற மாதிரி இருந்தது. அவர் என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார். ஜீப் ஏறும்போதும் திரும்பவில்லை.

மே 5, செவ்வாய்

சூசை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னான். சர்க்கரை. சாதாரணமாக இல்லை, மிஷினில் அளவு காட்டாத அளவுக்கு. படுக்க வைத்து ஊசி போடுகிறார்கள். "இன்னும் நாலு நாளு விட்டிருந்தா மேலயே மயங்கிக் கெடந்திருப்பாரு, இறக்கிக் கொண்டாரதுக்குள்ள உசுரு போயிருக்கும்னு டாக்டரு சொல்லுதாரு எக்கா." பிறகு தலையைச் சொறிந்துகொண்டே, "சமீபத்துல இனிப்பு ஏதும் சாப்பிட்டீரான்னு கேட்டாரு. அண்ணாச்சி இல்லன்னுட்டாரு" என்றான்.

சூசைக்குத் தெரியும். தூக்குவாளியை அவன் முன்னால்தான் திறப்பேன்.

கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த கருப்பட்டியை எடுத்துத் தெருக்கோடியில் எறிந்தேன். மதினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 14, வியாழன்

ஆவுடையப்பன் வேலைக்கு வந்துவிட்டார். கேட்டில், கனகராஜ் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. காலையில் நான் உள்ளே வரும்போது கம்பியைத் தூக்கினார். எங்கோ பார்த்துக்கொண்டு தூக்கினார்.

மே 15, வெள்ளி

அதே மாதிரி.

மே 25, திங்கள்

காற்று பிடித்துவிட்டது. புழுதி பறந்து ஸ்டோர் முழுக்க மண். சாமான் பெல்ட்டுக்கு முடிவு எழுதி அனுப்பினேன்: நைலான் நாடா, இரும்புப் பக்கிள், வால் செருக ஒரு வளையம், தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு கொக்கி. ஒன்று போதும். பெல்ட் தனியாக விழாமல் உயிர் பெல்ட்டோடு சேர்த்துக் கட்ட ஒரு சின்னக் கயிறும் கேட்டிருக்கிறேன். எந்தப் பெல்ட்டிலும் ஓட்டை போடக் கூடாது என்று சுவரில் இருந்த காகிதத்தை எடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் புதிதாக எழுதி ஒட்டினேன்.

ஓட்டைக்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். நியாயம்தான்.

ஜூன் 3, புதன்

கேட்டில் டார்ச்சுக்கு பேட்டரி கேட்டு ஆவுடையப்பன் ஸ்டோருக்கு வந்தார். முகம் தெளிந்திருக்கிறது. கன்னத்தில் கொஞ்சம் சதை. "ரெண்டு பேட்டரி வேணும், மேடம்" என்றார்.

கொடுத்தேன்.

அவர் போன பிறகு கிரீஸ் டப்பாக்களை எல்லாம் இறக்கி, மறுபடியும் அடுக்கினேன்.

ஜூன் 10, புதன்

வள்ளியூர் அரிசிக்கடைக்காரருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாம். மதினிக்கு வருத்தம். சேமியா உப்புமாவில் உப்பில்லை.

ஜூன் 22, திங்கள்

புதுப் பெல்ட்டுகள் சனிக்கிழமையே வந்துவிட்டன. மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றையும் கேனில் தொங்கவிட்டுப் பார்த்து, மஞ்சள் தடவி வைத்திருந்தேன். ஆவுடையப்பனுக்கு டாக்டரின் சீட்டும் வந்துவிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, துணையோடு ஏறலாம், மாதம் ஒரு முறை சோதனை. கௌசிகன் சார் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "இனி நீங்க பெல்ட் குடுக்கலாங்க அக்கா" என்று சிரித்தார்.

இன்று காலையில் காற்று குறைவு. ஏழாம் நம்பர் வாசலில் கனகராஜ் அண்ணாச்சி தேங்காய் உடைத்தார். நோயில் படுத்து எழுந்தவர்கள் திரும்ப ஏறும்போது அப்படி உடைப்பது எங்கள் வழக்கம்.

ஆவுடையப்பன் ஸ்டோர் வாசலுக்கு வந்தார். மகளும் கூட வந்திருந்தாள். கையில் தூக்குவாளி. நான் மதிவதனியை இதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா சாயல் என்று சொல்வார்கள். சிரித்தபோது அவர் சாயல்தான் தெரிந்தது.

நான் பெல்ட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ஒன்னய நான் ஒரு மாசமா மொறச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். "நாலு பேரு முன்னால மானத்த வாங்கிட்டாளேன்னு இருந்துச்சு. இவதான் ஹாஸ்டல்லருந்து வந்து, டாக்டரு சொன்னத எல்லாம் கேட்டுட்டு, அழுதுக்கிட்டே எனக்குப் புத்தி சொன்னா. யோசிச்சுப் பாத்தேன். கூடப்பொறந்தவ இருந்திருந்தாகூட எனக்காக இப்படி எல்லாரயும் பகச்சுக்கிட்டு நின்னிருக்க மாட்டா. எனக்குக் கூடப்பொறந்தது யாருமில்ல. இனிமே நீதான் எந் தங்கச்சி."

சூசை தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் நல்ல வார்த்தை கேட்டவர்கள் மாதிரி சிரித்தார்கள்.

"அத்தைக்குக் குடும்மா" என்றார் மகளிடம்.

மதிவதனி தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். "சுண்டல்தான் அத்தை. இனிப்புப் போடல, அப்பா பக்கத்துல இனி அது வரவே கூடாது" என்றாள். நல்ல பெண். கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"பெல்ட்டக் கட்டுங்க, நேரமாச்சு" என்றேன்.

கட்டினார். இழுத்து இறுக்கினார். வால் வெளியே நீட்டவில்லை, வளையத்துக்குள் அளவாக நின்றது. அதை அவரே செருகிக்கொண்டார். குதித்தார். ஒன்றும் விழவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. நல்ல பெல்ட். நான் தேர்ந்தெடுத்தது.

"பாத்து ஏறுங்க, அண்ணாச்சி" என்றேன்.

முதல் தடவையாகச் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. "வாரேன், தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழாம் நம்பர் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது, கதவு திறந்தாச்சு, காற்று நன்றாக இருக்கிறது என்று. குறித்துக்கொண்டேன்.

சுண்டல் நன்றாக இருந்தது. தேங்காய் கொஞ்சம் கூடுதல்.

பழைய பெல்ட்டுகளை எல்லாம் விதிப்படி வெட்டிப் போட்டேன். தோல் பெல்ட் மட்டும் ஆணியில் இருக்கிறது. கத்திரி மழுங்கிவிட்டது. நாளைக்கு சாணை பிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.